பஞ்சம் வெட்டிய கால்வாய்

பாலவாக்கத்துக்கு மேற்கே கிடக்கும் பக்கிங்ஹாம் கால்வாயைக் கண்டு மூக்கைப் பிடித்துக்கொள்ளும் நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். அக்கால்வாயில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஐந்து மைல் பகுதியை, 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது பட்டினி கிடந்த ஜனங்களே கூலிக்கு மண் சுமந்து வெட்டினார்கள். பெயர் மட்டும் அந்நாள் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவுக்குப் போய்ச் சேர்ந்தது! விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் ஒரு காலத்தில் அதில் சென்றன. 1997-இல் மயிலாப்பூர் வரை வந்த பறக்கும் ரயிலின் தூண்கள் பல, இன்று அதே பகுதியில் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. ரயில் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. நாமும் அதில் ஏறிப் போகிறவர்கள்தாம். ஆனால், அடைமழையில் வெள்ளம் எவ்வழியே வடியும்? கரையில் பூச்செடி வைக்குமுன் சேற்றை அள்ளட்டும், சாக்கடையைத் தடுக்கட்டும். மண் சுமந்த அந்த ஏழைகளுக்கு, ஓடும் தண்ணீரைவிடச் சிறந்த ஞாபகச் சின்னம் வேறு ஏது?