பாதிச் சுத்தம் போதாது

தோல் ஷாப் கழிவு கண்ணுக்குத் தெரியும். 1996ல் திண்டுக்கல் உள்ளிட்ட 5 ஜில்லாக்களின் தோல் ஷாப்புகளுக்குச் சுப்ரீம் கோர்ட் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சாக்கடைக் கிருமியோ கண்ணுக்குத் தெரியாது.

கூவம் வழியே சென்னைக் கடலில் விழும் சாக்கடையைப் பாருங்கள். 100 மில்லி லிட்டர் சாக்கடை நீரில் மலக்கிருமிகள் 1 கோடியளவில் இருக்கும். சுத்திகரித்து நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதை ஒழித்தாலும் மிச்சம் 1 லட்சம்! குளிக்கும் கடல்நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விதித்த வரம்போ 100. கடைசியில் குளோரின் போன்ற கிருமிநீக்க முறை ஏதேனும் சேர்க்காமல் கிருமி ஒழியாது. சிக்கனத்தின் பெயரால் இதில் கை வைப்பது அக்கிரமம்.

நமக்குக் கடல் தூரந்தான். குடகனாற்றில் விழும் கிருமி, அமராவதி, காவிரி வழியே கடல் சேருமுன் பெரும்பாலும் மடியும். ஆனால் அதற்குமுன் கரையோரக் குடியானவர் கிணற்றைப் பிடித்துவிடும். சுத்திகரித்த நீரின் கிருமிக் கணக்கை மாநகராட்சி வாரந்தோறும் பகிரங்கமாக வெளியிட வேண்டுமெனக் கோருகிறோம்.