பயோடேட்டாவுக்கும் பட்டை நாமமா?

உத்தியோகம் தேடும் நமது வாலிபர்களுக்குள் ஒரு புது வியாதி பரவி வருகின்றது. 2022-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் சாட்ஜிபிடி என்னும் யந்திரம் பொதுஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது முதற்கொண்டு, எவருடைய பயோடேட்டாவை வாங்கிப் பார்த்தாலும் தலைப்பிலேயே “ஏ.ஐ. நிபுணர்”, “ஏ.ஐ. வல்லுநர்” என்று கொட்டை எழுத்தில் காணப்படுகின்றது. முன்பெல்லாம் கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி போட்டார்கள். இப்பொழுது ஏ.ஐ. சுழி போடுகின்றார்கள். பிள்ளையார் சுழிக்காவது எவனும் காசு கேட்டதில்லை.

சமீபத்தில் ஒரு வாலிபர் நம்மிடம் வந்து, “ஐயா, நாற்பது இடங்களுக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். இரண்டே இடத்தில் கூப்பிட்டார்கள். அங்கும் ஐந்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள்” என்று வருத்தப்பட்டார். அவரது தாளிலும் “நிபுணர்” என்றுதான் இருந்தது. “தம்பி, எதில் நிபுணர்? என்ன வேலை செய்தீர்கள்?” என்று கேட்டோம். இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்தாராம், சர்ட்டிபிகேட் கொடுத்தார்களாம். பரீட்சை வைத்தார்களா என்றால், இல்லையாம். பணம் கட்டினவர்களுக்கெல்லாம் உண்டாம். அந்தப் பணத்திற்காகத் தாயார் காதுத் தோட்டை அடகு வைத்திருக்கின்றார். கங்கையில் ஒரு முழுக்குப் போட்டால் ஜன்மத்துப் பாவமெல்லாம் தொலையும் என்று சொல்லித் தட்சணை வாங்குகின்றவனுக்கும், இரண்டு நாளில் நிபுணனாக்குகின்றேன் என்று பீஸ் வாங்குகின்றவனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

நிற்க, இந்தப் பயத்தைக் கிளப்பிவிட்டவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 2024-ம் வருஷத்தில் மைக்ரோசாப்ட் கம்பெனியும் லிங்க்டின் கம்பெனியும் ஓர் அறிக்கை வெளியிட்டன. ஏ.ஐ. தெரியாதவரை வேலைக்கு எடுக்க மாட்டோம் என்று தலைமைப் பதவியில் உள்ளவர்களில் 100-க்கு 66 பேர் சொன்னதாக அதில் கண்டிருக்கின்றது. அந்தக் கணக்கு பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் மைக்ரோசாப்ட்தான் ஏ.ஐ. சரக்கை விற்கின்ற கம்பெனி; லிங்க்டினோ அதற்கே சொந்தமானது. இந்த ஸ்தலத்தின் மகிமையை உலகமே ஒப்புக்கொண்டுவிட்டது என்று தட்டு ஏந்துகின்றவரே வந்து சொன்னால், கேட்கின்றவன் சற்று யோசிக்க வேண்டாமா?

யந்திரம் உபயோகமற்றது என்பது நமது அபிப்பிராயமல்ல. நாமும் அதை உபயோகிக்கின்றோம். அதன் வாக்கை வேதவாக்காகக் கொள்வதைத்தான் கண்டிக்கின்றோம். 2023-ம் வருஷத்தில் அமெரிக்காவில் நியூயார்க் கோர்ட்டில் நடந்ததைப் பாருங்கள். படித்துப் பட்டம் பெற்ற வக்கீல்கள், சாட்ஜிபிடி எழுதிக்கொடுத்த முன்தீர்ப்புகளை அப்படியே மனுவில் சேர்த்துத் தாக்கல் செய்தார்கள். எதிர்க்கட்சியார் தேடிப் பார்த்தால் அப்படிப்பட்ட வழக்குகளே உலகத்தில் நடக்கவில்லை! நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். யந்திரத்தைத் தொட்டது குற்றம் என்று அவர் சொல்லவில்லை. சரிபார்க்காமல் கொண்டுவந்து நீட்டியதும், கேள்வி எழுந்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டு நின்றதுமே குற்றம் என்றார். ஆகவே இந்த வித்தையில் தெரிந்துகொள்ள வேண்டியது யந்திரத்தைக் கேட்பது மாத்திரமல்ல. கேட்பது குழந்தைக்கும் வரும். அது எங்கே பொய் சொல்லுகின்றது என்று கண்டுபிடிப்பதுதான் வித்தை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, “உண்மையாகவே அந்த யந்திரத்தைக் கொண்டு ஒரு வேலையும் செய்ததில்லையா?” என்று அந்த வாலிபரை மறுபடியும் கேட்டோம். வெகுநேரம் தயங்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார். ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகின்றாராம். மூன்று வருஷத்துக் கைக்கணக்குப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து, யந்திரத்தைக் கொண்டு படிக்கச் செய்து, அட்டவணையாக ஆக்கியிருக்கின்றார். அது 7-ஐ 1 என்று படித்திருக்கின்றது. மை அழிந்துபோன இடங்களில் தானாகவே ஒரு தொகையைப் போட்டு நிரப்பியும் இருக்கின்றது. இவர் வரிக்கு வரி புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து, ஒவ்வொரு பக்கத்துக் கூட்டுத்தொகையும் நேராகும் வரையில் விடாமல் திருத்தியிருக்கின்றார். முதலாளிக்கு மறந்தே போயிருந்த பாக்கிகள் அதன் பிறகுதான் வெளியில் வந்தனவாம்.

நாம் பிரமித்துப்போனோம். “இதை ஏன் ஐயா எழுதவில்லை?” என்றோம். “மண்டிக் கணக்கு என்று எழுதினால் கேவலமாக நினைப்பார்களே!” என்றார்.

தோழர்களே! நமக்கு ஆத்திரம் வந்தது இந்த இடத்தில்தான். செய்த வேலையை மறைத்து, செய்யாத வேலையைக் காட்டும்படி இந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தது யார்? கணக்கும் மூட்டையும் தராசும் கீழான தொழில், புரியாத வார்த்தையை உச்சரிப்பவன் மேலானவன் என்பது நேற்று வந்த புத்தியா?

அன்றியும் சிலர், விளம்பரத்தில் கண்ட வார்த்தைகளையெல்லாம் வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக மறைத்து அடித்துவிட்டால் விண்ணப்பத்தைச் சலிக்கும் யந்திரம் ஏமாந்துபோகும் என்று உபதேசிக்கின்றார்கள். இது தாயத்துக்குள் தகடு சுருட்டுகின்ற வேலை. யந்திரத்தைத் தாண்டினாலும் அப்புறம் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்பவர் மனிதரல்லவா?

சலிக்கும் யந்திரத்தை வைத்திருக்கும் முதலாளிகளும் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டியதில்லை. அமேசான் கம்பெனி அப்படி ஒன்றைச் செய்து பார்த்தது. பத்து வருஷத்து விண்ணப்பங்களை அதற்குப் பாடமாக வைத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. ஆகவே “பெண்கள்” என்ற வார்த்தை இருந்தாலே மதிப்பைக் குறைக்க அது கற்றுக்கொண்டது! 2018-ல் இச்செய்தி வெளியானபோது கம்பெனி அதை முன்னமே கைவிட்டிருந்தது. பாட்டன் புத்தியை ஊட்டினால் யந்திரமும் பாட்டன் புத்தியைத்தான் கக்கும். ஏ.ஐ. தெரிந்தவர் தேவை என்று விளம்பரம் போடுகின்றவர்களும், எந்த வேலைக்காகத் தேவை என்பதை ஒரு வரியில் சொல்லட்டுமே.

அந்த வாலிபர் நம் எதிரிலேயே “நிபுணர்” என்பதை அடித்துவிட்டு, மண்டிக் கணக்கை மூன்று வரியில் எழுதினார்: என்ன கொடுத்தார், யந்திரம் எங்கே தவறிற்று, எப்படிக் கண்டுபிடித்தார் என்று. சர்ட்டிபிகேட்டைத் தாளில் சேர்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றோம். தாயாரின் தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கின்றது.