கூலிப் பதிவேடும் விபத்து நஷ்ட ஈடும்

கும்மிடிப்பூண்டி வழியாகச் செல்லும் சென்னை–கொல்கத்தா பெருஞ்சாலையில் தொழிற்பேட்டை லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. அச்சாலையில்தான் நம் விவசாய அங்கத்தினரும் விளைபொருளுடன் செல்கின்றனர். மாவட்டத்தின் மேற்கே பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கத்து நெசவாளரும் சாலையை நம்பியே பிழைக்கின்றனர். விபத்து நேர்ந்தால் இவர்தம் குடும்பங்களின் கதி என்ன?

1988-ம் வருஷத்திய மோட்டார் வாகனச் சட்டம், பிறருக்கு நேரும் தீங்கை ஈடுசெய்யும் இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கியுள்ளது. ஆயினும், நஷ்ட ஈட்டு மனு டிரிப்யூனலின்முன் வந்ததும் இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கும் முக்கியக் கேள்வி, "மாத வருமானத்துக்கு அத்தாட்சி எங்கே?" என்பதாகும். அத்தாட்சி இல்லையேல், டிரிப்யூனல் ஓர் உத்தேசத் தொகையையே வருமானமாகக் கொள்ள நேரிடும்.

இதனால் விளையும் நஷ்டம் அற்பமன்று. 38 வயது நெசவாளர் ஒருவர் மனைவியையும் இரு குழந்தைகளையும் விட்டு இறந்தாரெனக் கொள்வோம். உச்ச நீதிமன்றத்தின் 2009, 2017-ம் வருஷத்துத் தீர்ப்புகளின்படி, வருஷ வருமானத்துடன் எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டி, அவரது சொந்தச் செலவுக்காக மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, எஞ்சியதை 15-ஆல் பெருக்க வேண்டும். மாதம் 12,000 ரூபாய் ஈட்டியவருக்கு 9,000 ரூபாய் என்று மட்டுமே ருசுவானால், குடும்பம் இழப்பது ரூ. 5,04,000.

இதற்குக் கம்பெனியை மட்டும் நொந்து பயனில்லை. அத்தாட்சி கேட்பது அதன் உரிமை; வைத்திருப்பது நம் கடமை. சங்கத்தின் கூலிப் பதிவேட்டைவிட நெசவாளருக்கு நல்ல அத்தாட்சி வேறெது? விவசாயிக்கு அடங்கலும் விற்பனைச் சீட்டும் அத்தகையனவே. ஆனால், மனைவி நெய்த சேலைக்கும் கணவர் பெயரிலேயே கூலி எழுதும் வழக்கம் இன்னும் உள்ளது. நாளை அம்மாதுக்கே விபத்து நேரின், அவர் தறியில் அமர்ந்ததற்கே சாட்சியமிராது! நெய்தவர் பெயரில் கூலி எழுதுவதே நேர்மை. அதுவே பாதுகாப்பும் ஆகும்.

நிற்க, அங்கத்தினர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. விபத்தைப் போலீஸில் உடனே பதிவு செய்ய வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் அமலான திருத்தம் மனுவுக்கு ஆறு மாதக் கெடு விதித்திருப்பதால், தாமதம் ஆகாது. குடியிருக்கும் எல்லைக்குரிய டிரிப்யூனலிலேயே மனுச் செய்யலாம். கம்பெனி சமரசத் தொகை கூறினால், மேற்கண்ட கணக்கைப் போட்டுப் பாராமல் கையொப்பமிடலாகாது. பங்கு கேட்கும் தரகரை நாட வேண்டுவதில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வக்கீல் உதவி அளிக்கிறது.

துக்க வீட்டுக்கு மாலையுடன் செல்லும் நிர்வாகிகள், வருமானச் சான்றிதழையும் பதிவேட்டின் நகலையும் தாமதமின்றி வழங்குவார்களாக. ஒவ்வொருவர் கூலியும் அவரவர் பெயரிலேயே எழுதப்படுமென அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்ற வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.