வண்ணத்தோடு சொல்லும் வேண்டும்

மருத்துவமனையின் சேர்க்கைப் பிரிவில் காத்திருப்போர் ஒருமுறையேனும் அங்குள்ள கணினித் திரையை எட்டிப் பார்த்திருப்பர். நோயாளிகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். பெரும்பாலான வரிகள் வெண்மையாக இருக்க, ஒன்றிரண்டு மட்டும் சிவப்பாகவோ மஞ்சளாகவோ தோன்றும். அவ்வரியில் நம் வீட்டாரின் பெயர் இருந்துவிட்டால் நெஞ்சம் துணுக்குறும்.

எனக்கும் அவ்வாறு நேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரை வேறோர் ஊரில், ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்காகச் சேர்த்திருந்தோம். திரையில் அவர் பெயர் சிவப்பு வரியில் இருந்தது. நோய் முற்றிவிட்டதோ என்னும் அச்சத்தில், மாலைவரை எவரிடமும் கேட்கத் துணியவில்லை. காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதல் இன்னும் வரவில்லை என்பதே அச்சிவப்பின் பொருள் என்று பின்னரே அறிந்தேன்.

மறுநாள் அறிந்தது அதனினும் கவலைக்குரியது. தாயாருக்குப் பெனிசிலின் ஒவ்வாது என்பதைச் சேர்க்கையின்போதே சொல்லியிருந்தோம். அச்செய்திக்குத் திரையில் எவ்வித வண்ணமும் இல்லை. ஊசி போட வந்த செவிலியர், "எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதா அம்மா?" என்று கேட்டதனால்தான் தீங்கு விலகியது. பணத்துக்கு வண்ணம் இருந்தது; உயிருக்கு இல்லை.

இஃது எவ்வாறு நேர்கிறது? நாம் திரையில் காண்பது ஒரு தரவுத்தளப் படிவம். அதில் வண்ணம் தீட்டுவது ஊழியரின் கை அன்று. முன்னரே எழுதி வைத்த விதி. பல அலுவலகங்கள் அறிந்த மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸ் மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். பதிவுகள் தொடர்ச்சியாகத் தோன்றும் படிவத்தில் ஒரு பெட்டியின் பின்னணியை நேரடியாகச் சிவப்பாக்கினால் எல்லாப் பதிவுகளும் சிவந்துவிடும். ஏனெனில் வடிவமைப்பில் உள்ளது ஒரே பெட்டி. அதுவே ஒவ்வொரு பதிவுக்கும் மீண்டும் மீண்டும் வரையப்படுகிறது. ஒரு பதிவை மட்டும் வேறுபடுத்திக் காட்ட வேண்டுமாயின், 'ஒவ்வாமை என்னும் கட்டத்தில் ஏதேனும் எழுதப்பட்டிருந்தால் சிவப்பு' என்பதுபோல் ஒரு நிபந்தனை வகுக்க வேண்டும். அந்நிபந்தனை தனக்குச் சுட்டப்பட்ட கட்டத்தை மட்டுமே நோக்கும். அதே செய்தியைப் 'பிற குறிப்புகள்' என்னும் கட்டத்தில் தட்டச்சு செய்திருந்தால் அதனை அறியாது. என் தாயாரின் பதிவில் நடந்தது அதுவே.

எனவே வெண்மையான வரி ஆபத்தின்மைக்குச் சான்று ஆகாது. எவரும் உரிய இடத்தில் எழுதவில்லை என்பதாகவும் அது இருக்கலாம்.

வண்ணத்துக்கு எங்கும் ஒரே பொருள் இருக்கும் என்று நம்புவதும் பிழை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 2005ஆம் ஆண்டு வெளியான நோயாளர் பாதுகாப்பு அறிக்கை ஒன்று இதற்குச் சான்று. ஒரு செவிலியர் நோயாளிக்குத் தவறுதலாக மஞ்சள் கைப்பட்டை அணிவித்துவிட்டார். அவர் பணியாற்றிய மற்றொரு மருத்துவமனையில் மஞ்சளுக்கு 'இக்கையில் இரத்தம் எடுக்கலாகாது' என்று பொருள். இங்கோ, 'இதயம் நின்றால் உயிர்ப்பிக்க முயல வேண்டா' என்று பொருள். நோயாளியின் இதயம் நின்றபோது, தவறு உரிய நேரத்தில் கண்டறியப்பட்டதால் அவர் பிழைத்தார். இங்கிலாந்தில் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை 2007இல் வேறு வழியைப் பரிந்துரைத்தது: கைப்பட்டை வெண்மையாக, எழுத்து கருமையாக இருக்க வேண்டும், ஆபத்தைக் குறிக்க வண்ணம் தேவையெனில் சிவப்பு ஒன்றே போதும்.

பார்க்கும் கண்ணையும் எண்ண வேண்டும். வட ஐரோப்பிய மரபினரான ஆண்களுள் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் குறை உண்டு. விகிதம் மாறினும், இக்குறை உடையோர் நம்மிடையிலும் உள்ளனர். மருத்துவப் பணியாளரிடையிலும் இருக்கக்கூடும்.

அவ்வாறாயின் வண்ணமே வேண்டாவா என்று கேட்கலாம். வேண்டும். முப்பது பெயர்களை ஒரே நோக்கில் காண வேண்டிய செவிலியருக்கு, விழியை உடனே ஈர்க்கும் வண்ணம் பேருதவி. ஆனால் அதற்கு அளவு வேண்டும். ஆக்ஸஸ் மென்பொருளின் பழைய பதிப்புகள் ஒரு பெட்டிக்கு 3 நிபந்தனைகளையே ஏற்றன. 2010ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து 50 வரை வகுக்கலாம். இயலும் என்பதற்காக வானவில்லைத் திரையில் விரித்தால், எல்லாமே ஒளிரும். எதுவும் கண்ணில் படாது. ஒவ்வோர் வண்ணத்தின் அருகிலும் அதன் காரணம் எழுத்தில் நிற்க வேண்டும் என்பதே என் கருத்து. சிவப்பு வரியில் 'பெனிசிலின் ஒவ்வாமை' என்று எழுதியிருந்தால் ஐயத்துக்கு இடமேது? கட்டணம், காப்பீடு போன்றவற்றை நோயின் ஆபத்தைக் குறிக்கும் வண்ணத்தால் காட்டலாகாது.

ஓர் எல்லையும் உண்டு. காத்திருப்போர் காணும் திரையில் எவருடைய நோயும் வண்ணத்தாலோ சொல்லாலோ வெளிப்படலாகாது. எச்ஐவி தொற்றுடையோரின் நிலையை அவர்தம் இசைவின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் தடுக்கிறது. சட்டம் விலக்காக அனுமதிக்கும் சில சூழல்களுள் காத்திருப்போர் கூடத்தின் திரை அடங்காது. ஆகவே சிகிச்சை தருவோர் காணும் திரை வேறு, கூடத்தில் உள்ளோர் காணும் திரை வேறு என்றிருத்தல் முறை.

நோயாளிகளும் உடனிருப்போரும் செய்யத்தக்கவை சில. சேர்க்கையின்போது ஒவ்வாமையைச் சொல்வதோடு நில்லாது, "அதற்குரிய கட்டத்தில் பதிந்துவிட்டீர்களா?" என்று கேளுங்கள். பதிந்ததைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வாத மருந்தின் பெயரையும், அதனால் முன்பு நேர்ந்த விளைவையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள். உங்கள் பெயரோ கைப்பட்டையோ வண்ணத்தில் இருந்தால், அதன் பொருளைக் கேட்பதற்குத் தயங்காதீர்கள். அதே கேள்வியைச் செவிலியர் மீண்டும் மீண்டும் கேட்டாலும் சலிப்படையாது விடை கூறுங்கள். என் தாயாரைக் காத்தது திரையின் வண்ணம் அன்று. அவ்வொரு கேள்வியும் அதற்கு அவர் சொன்ன விடையுமே.