பாட்டிக்கு ஒரு கால் குறைவு

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பித்தளைத் தவலை இருக்கிறது. என் பாட்டியின் கல்யாணச் சீர். அதன் கழுத்தில் பாட்டியின் பெயரை ஓர் ஆசாரி உளியால் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறார். அவருக்கு என்ன அவசரமோ, பெயரில் ஒரு 'கால்' விட்டுப் போய்விட்டது. "ஆயுசு முழுக்க ஒரு கால் இல்லாமலே குடித்தனம் பண்ணிட்டேன்" என்று பாட்டி சொல்லிச் சிரிப்பாள்.

பாத்திரத்தில் பெயர் வெட்டுவதன் மகிமை நம்மைப் போன்ற பெண்களுக்குத்தான் தெரியும். பெயர் இல்லாத கரண்டி விசேஷ வீட்டுக்குப் போனால் திரும்பி வருமா? எவர்சில்வர் குடம் வாங்கினால் கடை வாசலிலேயே நின்று, அந்த மின்சார ஊசி 'கிர்ர்' என்று பல் கூச வைப்பதையும் பொறுத்துக்கொண்டு, பெயரைப் போட்டு வாங்கி வந்தால்தான் மனசு ஆறும்.

இதெல்லாம் இப்போது எதற்கு என்கிறீர்களா? சொல்கிறேன். என் தம்பி பெண் கும்பகோணத்தில் வீட்டு முன்னறையிலேயே ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறாள். உளியும் இல்லை, ஊசியும் இல்லை. லேசர் ஒளியால் எழுதுகிறாள். வாசல் பெயர்ப் பலகை, மரத்தில் புகைப்படம், சாவி வளையம் என்று கடை நன்றாகவே நடக்கிறது. அவள்தான் சென்ற ஆவணியில் ஒரு நாள் விடியற்காலை, கையில் பையும் முகத்தில் கவலையுமாக எங்கள் சென்னை வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

காப்பி குடித்து முடித்ததும் பையிலிருந்து ஒரு வண்ணக் காகிதத்தை எடுத்து நீட்டினாள். "அத்தை, அப்பா கிட்டே நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். இந்த மெஷினை வாங்கப் போறேன். நூறு வாட்! கழுத்துச் சங்கிலியை பாங்கில் வைக்கலாம்னு இருக்கேன்."

நாலு பவுன் சங்கிலி. அவள் அம்மா இறக்கும்போது கழற்றிக் கொடுத்தது. எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

"இப்போ இருக்கிற மெஷினுக்கு என்னடி குறைச்சல்?" என்றேன்.

"பலம் போதலை, அத்தை. ஒரு சஷ்டியப்தபூர்த்திக்கு முந்நூறு எவர்சில்வர் டம்ளரில் பெயர் போட்டுத் தரச் சொல்றாங்க. போட்டுப் பார்த்தேன். ஒரு டம்ளருக்குப் பன்னிரண்டு நிமிஷம். அதுவும் மங்கல்."

முந்நூறு டம்ளருக்கு 3,600 நிமிஷம். அதாவது 60 மணி நேரம்! அவள் தவிப்பு நியாயம்தான். ஆனால் இன்னொரு செய்தியும் வெளியே வந்தது. அவளுடைய பழைய யந்திரத்தின் அட்டைப் பெட்டியில் '40 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததாம். வாங்கி ஆறு மாதம் கழித்துப் பொடி எழுத்தைப் படித்தால், 40 என்பது அது இழுக்கும் மின்சாரம். வெளியே வரும் ஒளி 5 வாட்தான். அன்றைக்கு ஏமாந்த கோபம்தான் இன்றைக்கு நூறு வாட்டாக வளர்ந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது.

"உன் கணக்கு நோட்டைக் காட்டு" என்றேன். அழகாக எழுதி வைத்திருந்தாள். ஆனால் எல்லாம் செய்து முடித்த வேலைகள்.

"திருப்பி அனுப்பின வேலையை எங்கே எழுதியிருக்கே?"

"அதை யாராவது எழுதுவாங்களா, அத்தை?"

அடுப்பங்கரையில் நான் கற்ற பாடம் இது. மிஞ்சினதைப் பார்த்தால் மட்டும் போதாது. யார் எதைக் கேட்டு இல்லை என்றோம் என்பதும் தெரிந்தால்தான் அடுத்த மாத மளிகைப் பட்டியல் சரியாக அமையும். இருவரும் உட்கார்ந்து, அவள் கைப்பேசியில் வந்திருந்த செய்திகளையெல்லாம் புரட்டி, மூன்று மாதத்தில் 'முடியாது' என்று சொன்னவற்றை ஒரு காகிதத்தில் எழுதினோம். மொத்தம் 41. அவற்றில் 29 எவர்சில்வரும் பித்தளையும்! கண்ணாடி போன்ற அக்ரிலிக் பலகை 8. பெரிய மரப் பலகை 4. அவ்வளவுதான்.

"டம்ளரும் செம்பும்தான் உன்னைத் தேடி வருது" என்றேன். "அந்த நூறு வாட் டம்ளரில் எழுதுமா?"

"நூறு வாட் எழுதாம என்ன, அத்தை?" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. 40 வாட் பல்பைவிட 100 வாட் பல்பு பிரகாசம் அல்லவா?

இருந்தாலும் மறுநாள் யந்திரம் விற்கும் இடத்துக்குப் புறப்படுமுன் ஒரு காரியம் செய்தோம். பாத்திரக் கடையில் நுழைந்து எவர்சில்வர் டம்ளர் அரை டஜன் வாங்கினோம். அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து பெயர் வெட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் இவள் பேச்சுக் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு சொன்னார்: "தங்கச்சி, சுத்தி கனமா இருந்தா வேலை ஓடும்னு நெனைப்பாங்க. வேலை ஓடறது உளியாலே. மரத்துக்கு ஒரு உளி, பித்தளைக்கு ஒரு உளி. இன்னொண்ணு, பேரை எழுதிக் காட்டி, சரின்னு கையெழுத்து வாங்கிக்கிட்டு அப்புறம் வெட்டு. பாத்திரத்திலே ரப்பர் வச்சு அழிக்க முடியாது."

யந்திரம் விற்கும் இடத்தில் இளைஞர் ஒருவர் மரியாதையாக வரவேற்று நூறு வாட் யந்திரத்தை ஓட்டிக் காட்டினார். பலகையை வெண்ணெய்போல் வெட்டியது. அக்ரிலிக்கின் ஓரம் பளிங்காக மின்னியது. இவள் கண்ணும் மின்னியது. நான் டம்ளரை எடுத்து நீட்டினேன். "இதிலே எழுதிக் காட்டுங்கள், தம்பி."

அவர் கொஞ்சம் தயங்கினார். எழுதினார். டம்ளரைத் துடைத்துப் பார்த்தோம். ஒன்றுமே இல்லை! கடையிலிருந்து வந்த மாதிரியே பளபளவென்று இருந்தது. "இதற்கென்று ஒரு பசை இருக்கிறது, அம்மா. அதைப் பூசி உலர்த்தி எழுதினால் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். பிறகு கழுவிவிடலாம்" என்றார். முந்நூறு டம்ளருக்கும் பூசி, உலர்த்தி, கழுவுவதா!

பக்கத்தில் ஒரு சின்ன யந்திரம் இருந்தது. "இது ஃபைபர் லேசர், 20 வாட்தான்" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது டம்ளரை அதில் வைத்தார். அரை நிமிஷம். பெயர் கரும் பட்டாக நின்றது. கையிலிருந்த பித்தளைத் திருகாணி டப்பாவைக் கொடுத்தேன். அதிலும் எழுதியது.

நூறு தோற்று, இருபது ஜெயித்தது எப்படி? அந்த இளைஞரிடம் கேட்டறிந்ததைச் சொல்கிறேன்.

வெயிலில் கறுப்புப் புடைவையும் வெள்ளைப் புடைவையும் உலர்த்துகிறோம். கறுப்பு சுடுகிறது, வெள்ளை அவ்வளவு சுடுவதில்லை. வெயில் ஒன்றுதான், வாங்கிக்கொள்ளும் துணிதான் வேறு. லேசரும் அப்படியே. இவளுடைய பழைய யந்திரத்தில் வருவது நீல ஒளி. அலைநீளம் சுமார் 450 நானோமீட்டர். மரமும் தோலும் அதை வாங்கிக்கொண்டு கருகும். நிறமில்லாத அக்ரிலிக்கிலோ, ஜன்னல் கண்ணாடியில் வெயில் புகுவதுபோல அது பாட்டுக்குப் புகுந்து போய்விடும். வாட்டைக் கூட்டினாலும் அந்தக் குணம் மாறாது. நூறு வாட் யந்திரத்தில் இருப்பது கரியமில வாயு லேசர், சோடாவில் பொங்குகிற அதே வாயு. அதன் அலைநீளம் 10,600 நானோமீட்டர். மரம், அக்ரிலிக், கண்ணாடி எல்லாம் அதை வாங்கிக்கொள்ளும். உலோகமோ முகம் பார்க்கும் கண்ணாடிபோல் திருப்பி அடித்துவிடும். ஃபைபர் லேசர் மெல்லிய கண்ணாடி இழைக்குள் பிறப்பது, 1,064 நானோமீட்டர். உலோகம் இதைத்தான் ஓரளவு வாங்கிக்கொள்கிறது. ஆனால் அக்ரிலிக்கை இது வெட்டாது; மரத்திலும் சோபிக்காது.

பெரியவர் சொன்ன உளி இதுதான். வாட் என்பது சுத்தியின் கனம். அலைநீளம்தான் உளி.

ஒரு சின்னப் பெருமையும் உண்டு. உலகத்தின் முதல் லேசரை 1960-ல் அமெரிக்காவில் தியோடர் மைமன் செயற்கை மாணிக்கக் கல்லைக் கொண்டு செய்தார். நான்கே வருஷம் கழித்து, 1964-ல், கரியமில வாயு லேசரைக் கண்டுபிடித்தவர் நம் நாட்டில் பிறந்தவர்: மகாராஷ்டிரத்துப் பாராமதியில் 1938-ல் பிறந்த குமார் படேல். அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தபோது அதைக் கண்டார்.

வீட்டு முன்னறையில் இப்படி ஒரு யந்திரம் வைப்பதென்றால் இன்னும் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, கண். ஃபைபர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் இமை மூடாது. ஆனால் உள்ளே விழித்திரைவரை போய்ச் சுட்டுவிடும். டம்ளரோ கண்ணாடி மாதிரி. ஒளியை எங்கே திருப்பி அடிக்கும் என்று சொல்ல முடியாது. நீல லேசருக்கு வாங்கிய ஆரஞ்சுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இதன் முன் உட்காரக் கூடாது. அந்தந்த அலைநீளம் பொறித்த கண்ணாடி வேண்டும். யந்திரத்துக்கு மூடியும் வேண்டும். குழந்தைகளையும், எட்டிப் பார்க்கும் வாடிக்கைக்காரர்களையும் தள்ளி நிறுத்த வேண்டும்.

இரண்டாவது, புகை. அதைக் குழாய் வழியாக வெளியே தள்ள வேண்டும். அடுத்த வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு நேராக அல்ல! ரெக்ஸின் பர்ஸை மட்டும் எந்த லேசரிலும் வைக்கவே கூடாது. தோல் மாதிரி இருந்தாலும் அதில் பெரும்பாலும் இருப்பது பி.வி.சி.; சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். மூச்சுக்கும் கேடு, யந்திரத்துக்கும் துரு.

மூன்றாவது, மின்சாரம். அந்த நூறு வாட் யந்திரம் வெளியே விடுவதுதான் நூறு. உள்ளே இழுப்பது, குளிர்ந்த தண்ணீர் சுற்றும் பெட்டியையும் புகை விசிறியையும் சேர்த்தால், ஒரு கிலோவாட்டுக்கு மேலே போகும். அதன் கண்ணாடிக் குழாயும் நாளடைவில் தேய்ந்து மாற்ற வேண்டிய பொருள். எந்த யந்திரமானாலும் 'எர்த்' கம்பி சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்ப்பது அவசியம். ஓடும்போது விட்டுவிட்டு உள்ளே போய்க் குழம்பைக் கிளறக் கூடாது. பலகை தீப்பிடிக்க ஒரு நிமிஷம் போதும்.

இன்னொன்று நம் பாத்திரங்களுக்காக. எவர்சில்வரை அளவுக்கு மீறிச் சுட்டு எழுதினால் அந்த எழுத்தில் பின்னால் துரு பூப்பதுண்டு. ஆகவே ஒரு டம்ளரில் எழுதி, நாலைந்து நாள் நனைத்து உலர்த்திப் பார்த்துவிட்டு மற்றதில் கை வைப்பது நல்லது. எழுத்து வெளிப்பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

கடைசியில் இவள் அந்த இருபது வாட் யந்திரத்தையும், டம்ளரைச் சுழற்றும் உருளையையும் வாங்கினாள். விலை அவள் நினைத்து வந்ததைவிடக் குறைவு. சங்கிலி கழுத்திலேயே இருந்தது. இரண்டு வளையல்தான் பாங்குக்குப் போயிற்று. மரவேலைக்குப் பழைய யந்திரத்தை வைத்துக்கொண்டாள். அக்ரிலிக் வேலை வந்தால், ஊரில் அந்த யந்திரம் வைத்திருப்பவரிடம் கொடுத்து வாங்கித் தருகிறாள். மூன்று மாதத்தில் எட்டே எட்டு வேலைக்காகச் சங்கிலியை அடகு வைப்பானேன்?

முந்நூறு டம்ளரும் முடிந்தன. பெயரைக் காகிதத்தில் அச்சடித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் ஆரம்பித்தாளாம். வாங்கியது நல்லதாயிற்று. அவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டிலேயே தேதி ஒரு நாள் தப்பு! முந்நூறிலும் அந்தத் தப்பு விழுந்திருந்தால் வளையலோடு சங்கிலியும் போயிருக்கும்.

வளையல் இன்னும் மீளவில்லை. ஆறு தவணை பாக்கி இருக்கிறது. மீண்டுவிடும் என்று அவள் நோட்டு சொல்கிறது. அந்த நோட்டில் இப்போது இரண்டு பக்கம்: செய்த வேலை ஒரு பக்கம், திருப்பி அனுப்பிய வேலை எதிர்ப்பக்கம்.

போன மாதம் கும்பகோணம் போயிருந்தபோது, "அந்தத் தவலையைக் கொண்டு வாங்க, அத்தை. கொள்ளுப்பாட்டிக்கு ஒரு நிமிஷத்திலே கால் போட்டுக் கொடுத்துடறேன்" என்றாள்.

"வேண்டாம்டி" என்று சொல்லிவிட்டேன். அந்தக் கால் இல்லாத பெயரைப் பார்த்தால்தான் எனக்குப் பாட்டியின் சிரிப்பு காதில் விழுகிறது.