பரண் விற்பனைக்கு

"வரலாற்றுச் சிறப்புமிக்க பகுதி. நூறாண்டு பழைய கிடங்கு. இருபதடி உயரக் கூரை, பூசாத செங்கல் சுவர், தேக்கு உத்தரம், கடல் பார்த்த ஜன்னல். லாஃப்ட் அபார்ட்மெண்ட் விற்பனைக்கு!" இப்படி ஒரு விளம்பரம் காசிமேட்டுக்கு வந்தால் எப்படி இருக்கும்?

சிரிக்காதீங்க. வந்தாலும் வரும்.

நம்ம ஊரில் லாஃப்ட் என்றால் பரண். பொங்கல் பானை, ஓடாத டேபிள் ஃபேன், அண்ணனின் பழைய பாடப் புத்தகம் எல்லாம் ஏறுகிற இடம். அதையே கோடிக்கணக்கில் விற்கலாம் என்று கண்டுபிடித்தது நியூயார்க். அங்கே சோஹோ என்கிற பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய வார்ப்பிரும்புத் தூண் கட்டடங்களில் பட்டறைகள் ஓடிக்கொண்டிருந்தன. தொழில் ஊரை விட்டுப் போனதும் 1960களில் ஓவியர்கள் காலி மாடிகளில் சட்டத்துக்குப் புறம்பாகக் குடியேறினார்கள். வாடகை குறைவு, வெளிச்சம் அதிகம். 1971ல் நகர நிர்வாகம் "சரி, கலைஞர்கள் மட்டும் இருந்துக்கலாம்" என்று இறங்கி வந்தது. 1982ல் மாநில அரசு லாஃப்ட் சட்டம் என்றே ஒன்றைப் போட்டு, இப்படிக் குடியிருந்தவர்களுக்குப் பாதுகாப்பு கொடுத்தது. அதற்கப்புறம் பணக்காரர்களுக்கு அந்த வீடுகள் மேல் ஆசை வந்தது. இன்றைக்கு அங்கே ஒரு சராசரி ஓவியனால் வீடு வாங்க முடியாது. பட்டறையில் வேலை பார்த்தவர்கள் பேச்சே இந்தக் கதையில் எங்கும் வராது, கவனிச்சீங்களா?

"பழமையின் அழகு" என்று விளம்பரம் சொல்வது செங்கல்லை மட்டும்தான். அந்தச் செங்கல்லுக்குள் வியர்த்தவன் அந்த அழகில் சேர்த்தி இல்லை. முதலில் அவனைக் காலி செய்ய வேண்டும், பிறகு அவன் இருந்ததையே விலையில் ஏற்ற வேண்டும். தொழில் ரகசியம் அவ்வளவுதான்.

சென்னைக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. நாம் செங்கல்லைக்கூட விடுவதில்லை. பெரம்பூர் பின்னி மில் ஞாபகம் இருக்கா? ஞாபகம் இல்லை என்றாலும் பார்த்திருப்பீர்கள். எத்தனையோ படங்களில் வில்லன் ஆட்கள் தகரப் பீப்பாய்களோடு பறந்து விழுந்தது அங்கேதான். அந்த பக்கிங்ஹாம், கர்நாடிக் மில் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918 ஏப்ரல் 27ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம். பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் நின்ற மேடை அது. அன்றைய புகார்களில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் போதவில்லை என்பது. 1921 வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. அது சாதிச் சண்டையாகவும் திரும்பி புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பெருமையும் அசிங்கமும் சேர்ந்ததுதான் அந்த இடம். 1996ல் மில் மூடியது, கொஞ்ச காலம் சினிமா சண்டை நடந்தது, இப்போது அங்கே வானம் முட்டும் அடுக்குமாடிகள். சாப்பாட்டு நேரத்துக்காகச் சண்டை போட்டவர்களின் பேரப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்த கேட்டுக்குள் வீடு இருக்கும்?

இப்போது காசிமேட்டுக்கு வருவோம். இங்கே விற்பதற்கு என்ன இருக்கிறது?

கடல் பார்த்த ஜன்னல். தாராளமாகத் திறக்கலாம். முதலில் தெரிவது எண்ணூர் விரைவுச் சாலையில் நிற்கிற கன்டெய்னர் லாரி வரிசை. அதற்கப்பால் பாறாங்கற்கள். அதற்கும் அப்பால்தான் கடல். மணல் எங்கே? மெரினாவில் இருக்கிறது. இந்தக் கரையில் கடல் நீரோட்டம் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே மணலை அள்ளிக்கொண்டு போகும். துறைமுகச் சுவர் குறுக்கே எழுந்ததும் மணல் தெற்கே தேங்கியது. மெரினா அகலமானது அப்படித்தான். வடக்கே மணல் வரத்து நின்று கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை தெருக்களையும் வீடுகளையும் தின்றது. அதற்கு அணைகட்டக் கொட்டியதுதான் அந்தக் கற்கள். மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிறவர்கள் ஒரு நிமிஷம் இதை நினைத்துக்கொள்ளலாம் :-)

கடல் காற்று. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படகு, வலை எல்லாம் கறுத்துப் போனது. அதே மாதம் ஒரு நள்ளிரவில் உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து பெரியகுப்பத்து ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இதையும் விளம்பரத்தில் போடுவார்களா?

வரலாறு. அதற்குக் குறையே இல்லை. இராயப்பர், அதாவது புனித பேதுரு, பெயரில்தான் ராயபுரம். 1856ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய ஸ்டேஷன் இன்னும் அங்கே நிற்கிறது. துறைமுகம் வருவதற்கு முன் கப்பலிலிருந்து ஆளையும் மூட்டையையும் அலை தாண்டிக் கரை சேர்த்தது மசூலா படகுக்காரர்கள். ஆனால் பெரம்பூருக்கும் காசிமேட்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. காசிமேட்டில் தொழில் சாகவில்லை. படகு போகிறது, ஐஸ் உடைகிறது, ஏலம் நடக்கிறது. இங்கே "வரலாற்றுப் பகுதி" என்று போர்டு மாட்ட வேண்டுமானால், உயிரோடு இருக்கிறவர்களைத்தான் பழசாக்க வேண்டும்.

ஆட்களை நகர்த்துவதில் நமக்கு அனுபவம் ஏராளம். 2004 சுனாமியில் வீடிழந்த வடசென்னை மீனவர்களைத் திருவொற்றியூர் கார்கில் நகர் கொட்டகைகளில் வைத்தார்கள். பிறகு பலரை ஊரின் மறுகோடியில் செம்மஞ்சேரிக்கு அனுப்பினார்கள். இருக்க விட்ட இடமாவது ஒழுங்கா? 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட வாரியக் குடியிருப்பு ஒன்று அப்படியே சரிந்தது. விரிசலைப் பார்த்து முன்கூட்டியே வெளியே வந்ததால் உயிர் தப்பினார்கள். பூசாத செங்கல் சுவர் அவர்களுக்கும் தெரியும். பூச்சு தானாக விழுந்த சுவர்.

"அப்போ வளர்ச்சியே வேண்டாமா? வடசென்னை இப்படியே கிடக்கணுமா?" என்று கேட்பார்கள். 2021ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததில் யாருக்கும் வருத்தமில்லை. வீடு கட்டுங்கள், பழைய கிடங்கை இடிக்காமல் வீடாக்கினால் இன்னும் நல்லது. யாருக்கு என்பதுதான் கேள்வி. மும்பையில் 1991ல் ஒரு விதி இருந்தது. மில் நிலத்தை விற்றால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பொது வெளிக்கு, ஒரு பங்கு அரசு வீட்டு வாரியத்துக்கு, மிச்சம்தான் முதலாளிக்கு. 2001ல் "கட்டடம் இல்லாத காலி நிலத்துக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு" என்று திருத்தினார்கள். மில் நிலத்தில் கட்டடம்தானே பெரும்பகுதி? பங்கு சுருங்கிப் போனது. 2006ல் உச்ச நீதிமன்றமும் திருத்தம் செல்லும் என்றுவிட்டது. 1982ல் வேலைநிறுத்தம் செய்த இரண்டரை லட்சம் பேரின் ஊரில் இப்போது மால் இருக்கிறது.

அப்படி ஒரு பங்கை, திருத்த முடியாதபடி, முதல் கிடங்கு கைமாறுவதற்கு முன்பே காசிமேட்டுக்கு எழுதி வைக்கச் சொல்லுங்கள். மீன் ஏலம் விடிவதற்கு வெகுநேரம் முன்பே தொடங்கிவிடும். கூடை தூக்குகிற அக்கா செம்மஞ்சேரியிலிருந்து அந்த நேரத்துக்கு எந்த பஸ்ஸில் வருவார்? லாஃப்ட் வாங்கியவர் அப்போது ஏசி போட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார். காலையில் எழுந்து மீன் வாடை தாங்கவில்லை என்று மாநகராட்சிக்கு முதல் புகார் எழுதுவதும் அவராகத்தான் இருக்கும்.