தாத்தாவின் துப்பாக்கி சுவரில் இருக்கட்டும்



பிரான்சில் இருக்கும் என் அக்கா மகன் பழைய மாஸ் 36 ராணுவத் துப்பாக்கி ஒன்றை வாங்கி, "தாத்தா பிடித்த ரகம், இனி வேட்டைக்கு இதுதான்" என்று படம் போட்டிருந்தான். நானும் பெருமையாகப் பகிர்ந்தேன். அதற்குக் கீழே கனடாவில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன், தான் வாங்கிய மலிவு விலைப் புதுத் துப்பாக்கியின் படத்தைப் போட்டான். உடனே ஆளாளுக்குக் கேலி. "பிளாஸ்டிக் பொம்மை", "தீபாவளித் துப்பாக்கி". நானும் சிரிப்புக் குறி போட்டேன். அது தப்பு. இப்போது திருத்துகிறேன்.

முதலில் தாத்தா கதை. அவர் என் அப்பா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இந்தோசீனா வரை போனவர். மாஸ் 36 அவர் தோளில் தொங்கியது உண்மை. ஆனால் அதைக் கொண்டு அவர் ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. அது பட்டாளத்துச் சொத்து. ஒப்படைத்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார். பிரான்சில் போர்க்காலத் தோட்டா அளவுகளை வேட்டைக்கு அனுமதிக்காத சட்டம் 2013 வரை இருந்தது. இந்தியாவிலும் .303 சாமானியருக்குக் கிடையாது. அதனால்தான் அரசுத் தொழிற்சாலை.315 என்று தனியாகச் செய்தது. ஆகவே "பாரம்பரியம்" என்று சொல்லாதீர்கள்.

அடுத்தது கருவி. மாஸ் 36-இல் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. வடிவமைத்தவர்கள் மறந்துவிடவில்லை, சிப்பாய் கட்டளை வரும்வரை குண்டை உள்ளே ஏற்றமாட்டான் என்ற கணக்கு அது. வேட்டைக்காரன் அப்படியா? புதரில் தடுக்கி விழுவான், பக்கத்தில் நண்பன் நடப்பான். ராணுவக் குண்டு வேறு முழுக்க உலோக உறை போட்டது. உடம்புக்குள் விரியும் குண்டைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று 1899 ஹேக் மாநாட்டில் அறிவித்தார்கள். கல்கத்தா பக்கத்து டம்டம் தொழிற்சாலையின் பெயர்தான் அந்தக் குண்டுக்கே நிலைத்தது. வேட்டையில் நியாயம் நேர் எதிர். குண்டு விரிந்தால்தான் மிருகம் உடனே சாகும்; விரியாவிட்டால் துளைத்துக்கொண்டு போய்விடும், மிருகம் ஓடிப்போய் எங்கோ கிடந்து சாகும்.

மாப்பிள்ளை, நீயே எழுதியிருந்தாய்: "பன்றியைச் சுட்டோம், ரத்தத்தடம் பார்த்து இருட்டும்வரை அலைந்தோம், கிடைக்கவில்லை. என்ன அனுபவம்!" அந்த வரிக்கு நாற்பது பேர் விருப்பம் போட்டிருக்கிறார்கள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அனுபவம் யாருக்கு? அந்தப் பன்றிக்கா?

பழசை நான் பழிக்கவில்லை. குழல் தேயாமல், நிபுணர் சோதித்து, வேட்டைக்கான மென்முனைக் குண்டு போட்டால் லீ என்ஃபீல்டும் சாகடிக்கும். கனடாவில் அதைக் கொண்டு பல தலைமுறை வேட்டையாடியது. அந்நாட்டு வடபுலக் காவலர்களான ரேஞ்சர்கள் 1947 முதல் எழுபது ஆண்டு அதைத் தூக்கினார்கள். உதிரிபாகம் கிடைக்காமல் போகவே 2018-இல் புதுத் துப்பாக்கிக்கு மாறினார்கள். அவர்களே மாறிவிட்டார்கள், நமக்கு என்ன வீம்பு?

ஒரு காலத்தில் ராணுவக் கழிவுத் துப்பாக்கியை ஏழை வேட்டைக்காரன் வாங்கியதே மலிவாகக் கிடைத்ததால்தான். இன்று அந்த இடத்தில் இருப்பது என் மாணவனின் பிளாஸ்டிக் கட்டைத் துப்பாக்கி. பாதுகாப்புப் பூட்டு உண்டு, தொலைநோக்கி மாட்டலாம், வைத்த குறியில் படும். அழகு இல்லை, அவ்வளவுதான். மிருகத்துக்கு அழகு தேவையில்லை. தம்பி, உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இது உங்களுக்கான விவாதமே இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இங்கே பொழுதுபோக்கு வேட்டை குற்றம். ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம். லைசென்ஸ் கேட்காத ஏர் கன் என்றாலும் கொக்கைச் சுட்டால் குற்றம்தான்.

மாப்பிள்ளை, தாத்தா நினைவாக அதைச் சுவரில் மாட்டு, துடைத்து எண்ணெய் போடு. காட்டுக்கு வேறு எடுத்துப் போ. கோபம் இருந்தால் கீழே எழுதுங்கள். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுங்கள்.